மடிப்போடு போன வரி

ஜூன் 9

பெரிய மனிதர்கள் எல்லாம் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார்கள் என்று கேள்வி. ஆலங்குறிச்சித் தொகுதிக்கு நான் சட்டசபை உறுப்பினராகி மூன்று மாதம் ஆகிறது. சுயேச்சை. நூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வித்தியாசம். ஆகவே இன்று முதல் எழுதுகிறேன். பிற்காலத்தில் குற்றாலிங்கத்தின் வரலாற்றை எழுத யாராவது வந்தால் அங்கே இங்கே அலைய வேண்டாம்.

காலையில் எழும்பூரில் இறங்கினேன். நேற்று என்னை வழியனுப்ப ஸ்டேஷனுக்கு ஊரே வந்திருந்தது. கழுத்து நிறைய மாலை. என் இரண்டு கைகளும் மாலைகளைத் தாங்கிக்கொண்டிருந்ததால், கொண்டுவந்த மனுக்களை ஜனங்கள் உலகம்மாளிடம் கொடுத்தார்கள். உலகம்மாள் என் மனைவி, மாமா மகள். ஒவ்வொரு மனுவையும் அவள் நின்ற இடத்திலேயே படித்து, "இது நடக்கும்", "இது நடக்காது, தாசில்தாரைப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ரயில் ஊதுவதற்குள் முக்கால்வாசி முடிந்துவிட்டது. மீதியை என் டிரங்குப் பெட்டியில் வைத்தாள். கை காலியாக இருப்பவர்களிடம் மனுவைக் கொடுப்பது இயற்கைதான்.

பெட்டியில் இன்லண்டு கடிதம் நாற்பது வைத்திருக்கிறாள். எல்லாவற்றிலும் வீட்டு விலாசம் எழுதியாகிவிட்டது. "தினம் ஒண்ணு போடுங்க அத்தான். சபையில மத்தவுக என்ன பேசுனாகன்னு எழுதுங்க. நீங்க என்ன பேசுனீகன்னு எழுதாட்டாலும் பாதகமில்ல" என்றாள். என் வேலையைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம்.

மகள் வடிவுக்குப் பதிமூன்று வயது. ஏப்ரலில் எட்டாவது முடித்தாள். ஊரில் பெண்கள் பள்ளிக்கூடம் அதோடு சரி. நாலாம் பாரம், அதாவது ஒன்பதாவது, சேர வேண்டுமென்றால் முப்பது மைல் தள்ளித் திருநெல்வேலிக்குப் போக வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தை ஹைஸ்கூலாக்கித் தருகிறேன் என்று தேர்தலின்போது வாக்குக் கொடுத்திருந்தேன். ஊருக்கு அல்ல, உலகம்மாளுக்கு. வாக்கை வாங்கிக்கொண்ட பிறகுதான் அவள் எனக்காக ஓட்டுக் கேட்டுத் தெருவில் இறங்கினாள்.

வடிவு ஸ்டேஷனில் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பள்ளிக்கூட மணி எங்கள் வீட்டுக்குக் கேட்கும். மணி அடித்தால் மட்டும் எழுந்து நிற்கிறாள், பிறகு உட்கார்ந்துகொள்கிறாள். பழக்கம். கொஞ்ச நாளில் போய்விடும்.

ஜூன் 10

சபையில் உட்கார்ந்தேன். நல்ல நாற்காலி.

ஜூன் 14

திருவல்லிக்கேணியில் அறை. கூட இருப்பவர் தஞ்சாவூர்ப் பக்கத்து உறுப்பினர், வக்கீல் துரைக்கண்ணு. நிறையப் படித்தவர். நல்லவர்தான், ஆனால் நான் பேசும்போது சிரிப்பை அடக்குவதுபோல் ஒரு முகம் வைத்துக்கொள்கிறார். வக்கீல்களுக்கு முகம் அப்படித்தான் போலிருக்கிறது.

உலகம்மாளின் முதல் கடிதம் வந்தது. மேலே எண் 1 என்று போட்டிருக்கிறாள். எங்கள் பசு சிவப்பி கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. வடக்கு வயலுக்கு உரம் வந்துவிட்டது. தென்னைக்கு வைத்த ஆளை நிறுத்திவிட்டு வேறு ஆள் வைத்திருக்கிறாள். அதன்பிறகு: "பெரியகுளத்து மதகுப் பலகை உளுத்துப்போனதைக் கேள்வி நேரத்தில் கேளுங்கள். எப்போது மாற்றுவீர்கள் என்று கேட்காதீர்கள். போன வருஷமே மாற்றியதாகக் கணக்கில் இருக்கிறதே, அந்தப் பலகை எங்கே என்று கேளுங்கள். கோபமாகக் கேட்க வேண்டாம். கோபம் வந்தால் உங்களுக்குக் குரல் கீச்சென்று போகும்."

மதகைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று எனக்கே ரயிலில் தோன்றியதுதான். அவளும் அதையே எழுதியிருப்பது தற்செயல்.

அவள் காகிதத்தில் வெள்ளை விடுவதே இல்லை. கடிதத்தை நிரப்பிவிட்டு, ஓரங்களில் சுற்றிச் சுற்றி எழுதிவிட்டு, கடைசியாகக் கோந்து தடவி ஒட்டுகிற அந்தச் சின்ன மடிப்பிலும் ஒரு வரி எழுதிவிடுகிறாள். நான் விரலை விட்டுக் கிழித்ததில் மடிப்பு பிய்ந்துவிட்டது. சேர்த்து வைத்துப் பார்த்தேன். "பிளேடால் நறுக்கிப் பிரிக்கவும்" என்று எழுதியிருந்தது.

ஜூன் 17

நேற்று மதகுப் பலகையைக் கேட்டேன். மந்திரி தண்ணீர் குடித்தார். பலகை இந்த வாரமே வருமாம்.

இன்று ரேஷன் விவாதம். நான் எழுந்து, "நாம் இங்கே கை தூக்குகிற ஒவ்வொரு சட்டமும் கடைசியில் யாரோ ஒருவர் வீட்டு அடுப்பில்தான் வந்து விழுகிறது. இந்தச் சட்டத்தை எழுதியவர் ஒருநாள் வரிசையில் நின்றிருந்தால், கடையை நடுமத்தியானத்தில் திறக்கச் சொல்லியிருக்க மாட்டார்" என்றேன். எல்லாப் பக்கத்திலும் மேஜையைத் தட்டினார்கள். வெளியே வந்ததும் துரைக்கண்ணு, "எண் மூணா, நாலா அண்ணாச்சி?" என்று கேட்டார். எண் 3-இல் ஏறக்குறைய இதே கருத்து இருப்பது தற்செயல் என்று விளக்கினேன். முகத்தை அப்படியே வைத்துக்கொண்டார்.

ஜூன் 19

ஓட்டல் சாப்பாட்டில் வயிறு கட்டிக்கொண்டது என்று எழுதியிருந்தேன். எண் 5-இல் பதில் வந்தது: "கடுக்காய்ப் பொடி இரண்டு ஸ்பூன் வெந்நீரில்." முந்தாநாள் படுக்கும்போது அப்படியே சாப்பிட்டேன். மடிப்பை விரலால் கிழித்திருந்ததில் அதிலிருந்த வரி குப்பைக்குப் போயிருந்தது. இன்று தேடி எடுத்து ஒட்டிப் படித்தேன்: "சபை இல்லாத நாளாகப் பார்த்து."

நேற்று விற்பனை வரி மசோதா மேல் பேச்சு நடந்துகொண்டிருக்கையில் மூன்று முறை எழுந்து வெளியே போனேன். மூன்றாவது முறை ஓட்டமாகவே போனேன். இன்று பேப்பரில், "வரி விதிப்பைக் கண்டித்து சுயேச்சை உறுப்பினர் குற்றாலிங்கம் மூன்று முறை வெளிநடப்பு" என்று இருக்கிறது. எதிர்க்கட்சியிலிருந்து இரண்டு பேர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு உணர்ச்சிவசப்பட்டார்கள். மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஜூன் 23

துரைக்கண்ணு ஒரு செய்தி சொன்னார். "அமெரிக்கா விடுதலை வாங்குன காலத்துல அபிகெயில்னு ஒரு அம்மா இருந்தாங்க அண்ணாச்சி. புருஷன் அரசியல் அரசியல்னு மாசக்கணக்கா வெளியூர்லயே இருப்பார். அந்த அம்மா பண்ணையைப் பாத்துக்கிட்டு, பிள்ளைங்களை வளத்துக்கிட்டு, அவருக்குக் கடுதாசி எழுதிக்கிட்டே இருந்தாங்க. சட்டம் எழுதுறப்ப பொம்பளைங்களையும் நெனைச்சுப் பாருங்கன்னு எழுதினாங்க. பொண்ணுங்களுக்குப் படிப்பு வேணும்னு எழுதினாங்க. உங்க வீட்டுக் கடுதாசியைப் பாக்குறப்ப எல்லாம் எனக்கு அந்த அம்மா நெனப்பு வருது."

"அவரு பொறவு என்ன ஆனாரு?" என்று கேட்டேன்.

"ஜனாதிபதி ஆனார்."

மேற்கொண்டு ஏதேதோ சொன்னார். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. உடனே உலகம்மாளுக்கு எழுதிப் போட்டேன்.

ஜூன் 27

எண் 12: "அபிகெயில் அம்மாளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். அந்த அம்மாளுக்கு எத்தனை மாடு இருந்தது, கறவைக்கு ஆள் உண்டா, இல்லை அவளேதானா என்று வக்கீலிடம் கேட்டு எழுதவும். பெண்களையும் நினைத்துப் பாருங்கள் என்று எழுதினாளே, அதற்கு அவர் என்ன பதில் போட்டார்? அவளுக்கு ஓட்டு இருந்ததா?"

துரைக்கண்ணுவிடம் கேட்டேன். மாட்டுக் கணக்கு அவருக்குத் தெரியவில்லை. அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அவர் சிரிப்பு வருகிறது என்று பதில் போட்டாராம். ஓட்டு இல்லையாம். மூன்றையும் எழுதிப் போட்டேன்.

ஜூலை 1

எண் 15, பிளேடால் பிரித்தேன். மடிப்பில் இருந்த வரி: "எனக்கு ஓட்டு இருக்கிறது. அடுத்த தேர்தலில் அது யாருக்கு என்று இன்னும் தீர்மானிக்கவில்லை."

வேடிக்கையாக எழுதுவாள்.

புளியங்குடியிலிருந்து என் அக்காவும் எழுதியிருக்கிறாள். வடிவுக்கு ஒரு வரன். அரிசி மில் உள்ள குடும்பம். இரண்டு மூன்று வருஷம் பொறுத்துக்கொள்ளத் தயாராம், ஆனால் இப்போதே தாம்பூலம் மாற்றிக்கொள்ள வேண்டுமாம். பள்ளிக்கூட விஷயமோ இன்னும் சபைக்கே வரவில்லை. கிடைக்குமோ கிடைக்காதோ. உலகம்மாளுக்கு நடுநிலையாக எழுதினேன்: ஒரு பக்கம் பார்த்தால் படிப்பு நல்லதுதான். மறுபக்கம் பார்த்தால், பெண் அதிகம் படித்தால் அவளைவிட அதிகம் படித்த மாப்பிள்ளையைத் தேட வேண்டும், அந்தச் சிரமம் தகப்பன் தலையில்தான் விழும். அரசியல் தெரிந்தவன் எதையும் இரண்டு பக்கமும் பார்ப்பான்.

ஜூலை 3

கடிதம் இல்லை.

ஜூலை 4

கடிதம் இல்லை. தெற்கே மழையால் ரயில் தாமதமாகியிருக்கலாம் என்றேன். மழையே இல்லை என்கிறார் துரைக்கண்ணு.

சபையில் சொந்தமாக ஒரு கேள்வி கேட்டேன். எங்கள் தொகுதிக்கு மீன்பிடித் துறைமுகம் எப்போது வரும் என்று கேட்டேன். எங்கள் தொகுதியிலிருந்து கடல் ஐம்பது மைல். கேட்டு உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. மந்திரி மிகவும் மரியாதையாக, கடல் வந்ததும் துறைமுகம் வரும் என்று பதில் சொன்னார்.

ஜூலை 5

கடிதம் இல்லை. அறையில் உட்கார்ந்து நானே யோசிக்கலாம் என்று முயன்றேன். தலைவலி.

மத்தியானம் தபாலாபீசுக்குப் போய் வீட்டுக்கு ஒரு தந்தி கொடுத்தேன்: "புளியங்குடி வரன் வேண்டாம். அக்காவுக்கு எழுதிவிட்டேன்." தந்தி கொடுத்த பிறகு அக்காவுக்கும் எழுதினேன். நானாக நன்றாக ஆலோசித்து எடுத்த முடிவு இது. கடிதம் வராததற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது, தற்செயல்.

ஜூலை 8

எண் 18. இவ்வளவு பெரிய இன்லண்டில் நடுவே ஒரே வரி: "தந்தி வந்தது. வடிவு சாப்பிட ஆரம்பித்துவிட்டாள்."

அவள் சாப்பிடாமல் இருந்தது எனக்குத் தெரியாது. யாரும் எழுதவில்லை. இன்று முழுக்க எனக்கு எதுவும் ஓடவில்லை. மத்தியானச் சோற்றை அளைந்துகொண்டே இருந்தேன்.

ஜூலை 10

நாளைக் காலை கல்வி மானியம் சபைக்கு வருகிறது. இந்த வருஷம் எங்கள் ஜில்லாவில் ஒரே ஒரு பள்ளிக்கூடத்தைத்தான் ஹைஸ்கூலாக்குவார்களாம். கேட்பவர்கள் ஐந்து பேர். எனக்கு நான்கு நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். விட்டால் அடுத்த வருஷம்தான், அதுவும் நிச்சயமில்லை. அதற்குள் அக்கா இன்னொரு மில்லைக் கண்டுபிடித்துவிடுவாள்.

எதைச் சொல்ல வேண்டும் என்று என் மனதில் தெளிவாக இருக்கிறது. எண் 19 வந்தால் இன்னும் தெளிவாகிவிடும்.

ஜூலை 11

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் தபால்காரர் வரத் தாமதமாகிவிட்டது. படி இறங்கும்போதுதான் எண் 19 கைக்கு வந்தது. பிளேடு மேலே அறையில். ரிக்‌ஷா வாசலில். விரலை விட்டுக் கிழித்தேன். மடிப்பு பிய்ந்து காற்றில் பறந்து பால்கார அம்மாளின் எருமைக்குப் பின்னால் விழுந்தது. போய் எடுக்கக்கூடிய இடம் இல்லை. வழியில் முதல் வரியைப் பார்த்தேன். "ஆலங்குறிச்சிப் பெண்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சில வார்த்தைகள்" என்று கம்பீரமாக இருந்தது. மேலே படிக்கவில்லை. கருத்து எப்படியும் என்னுடையதுதானே, முன்கூட்டி எதற்குப் படிக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

சபாநாயகர் என் பெயரைச் சொன்னார். எழுந்தேன். வாசித்தேன்.

"ஆலங்குறிச்சிப் பெண்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். அங்கே எட்டாவது வரை இருக்கிறது. அது போதும். எட்டாவது படித்த பெண்ணுக்குக் கடிதம் எழுதத் தெரியும். அதற்கு மேல் படித்தால் அவள் கடிதத்தில் என்ன எழுதுவாள் என்று யாரால் சொல்ல முடியும்?"

யாரோ சிரித்தார்கள். ஏதோ சரியில்லை என்று பட்டது. ஆனால் உலகம்மாள் ஒரு காரணத்தோடுதான் எழுதுவாள். எங்கேயோ கொண்டுபோய்த் திருப்புவாள் என்று நம்பி மேலே போனேன்.

"இரண்டாவது. ஆண் பிள்ளைகள் ஒன்பது மைல் சைக்கிளில் போய்ப் படிக்கிறார்கள். பெண்கள் சைக்கிளில் போனால் ஊர் பார்க்கும். ஊர் பார்ப்பதை நிறுத்த முடியாது என்பதால், படிப்பை நிறுத்திவிட்டோம்.

"மூன்றாவது. பெண்கள் ஹைஸ்கூலுக்கு வாத்தியாரம்மா கிடைப்பதில்லை. ஏன் கிடைப்பதில்லை என்றால், பெண்கள் எட்டாவதோடு நின்றுவிடுகிறார்கள். பெண்கள் எட்டாவதோடு நின்றுவிடுவதால், அவர்களுக்கு ஹைஸ்கூல் தேவையில்லை."

இப்போது சபை முழுதும் சிரித்தது. எதிர்க்கட்சியில் ஒருவர் மேஜையில் தலையை வைத்துக்கொண்டார். கல்வி மந்திரி மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த டைப் அடித்த தாளைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இது என் பேச்சு இல்லை. மந்திரி என்ன சொல்லித் தட்டிக்கழிப்பார் என்று உலகம்மாள் எழுதி வைத்தது. அதைச் சொல்லும் வரி மடிப்போடு போய்விட்டது. நிறுத்த வேண்டும் என்று நினைத்தேன். கண் அதற்குள் அடுத்த வரிக்குப் போய்விட்டது, வாயும் கூடவே போய்விட்டது.

"நான்காவது. பெண் அதிகம் படித்தால் அவளைவிட அதிகம் படித்த மாப்பிள்ளையைத் தேட வேண்டும். அந்தச் சிரமம் தகப்பன் தலையில்தான் விழும்."

அங்கே நின்றுவிட்டேன். அது மந்திரியின் வார்த்தை இல்லை. ஒன்றாம் தேதி நான் வீட்டுக்கு எழுதிய வார்த்தை. ஒரு எழுத்துக்கூட மாறாமல் எடுத்து, எனக்கு எதிராளியாக வரப்போகிறவர் வாயில் வைத்திருந்தாள். சபை அதற்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகச் சிரித்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த நோட்டில் இதுவரை நான் எழுதாத வார்த்தை அது.

"உறுப்பினருக்கு இன்னும் ஒரு நிமிஷம்" என்றார் சபாநாயகர்.

கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். கையில் ஒன்றும் இல்லை.

"எனக்கு ஒரு மகள். பேர் வடிவு. பதிமூணு வயசு. ஏப்ரல்ல எட்டாவது முடிச்சா. பள்ளிக்கூட மணி எங்க வீட்டுக்குக் கேக்கும். மணி அடிச்சா இன்னமும் எந்திரிச்சு நிக்கா. போறதுக்கு இடம் இல்லன்னு தெரிஞ்சதும் உக்காந்துக்கிடுதா. நான் அதைப் பாத்தேன். பாத்தும் பாக்காத மாதிரி ரயில் ஏறி இங்க வந்துட்டேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மேஜையை யாரும் தட்டவில்லை. பேச்சு விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மந்திரி எழுந்தார். டைப் அடித்த தாளை எடுத்தார், புரட்டினார், கீழே வைத்தார். அதில் இருந்ததையெல்லாம் நான் ஏற்கெனவே வாசித்தாகிவிட்டது. "ஆலங்குறிச்சிக்கு இந்த வருஷமே முதலிடம் கொடுக்கப்படும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அறைக்குத் திரும்பினால் எண் 20 வந்து காத்திருந்தது. மேலே "உங்கள் பேச்சு" என்று எழுதி, காரணங்கள் எட்டு, ஒவ்வொன்றுக்கும் புள்ளிவிவரம், எந்த இடத்தில் நிறுத்தி மூச்சு விட வேண்டும் என்பது உட்பட.

ஜூலை 12

பேப்பரில் முதல் பக்கம். "சிரிக்க வைத்துச் சிந்திக்க வைத்தார் குற்றாலிங்கம்." எதிர்வாதத்தை எல்லாம் முன்கூட்டியே கேலி செய்து மந்திரியின் வாயைக் கட்டிய புது உத்தியாம். காண்டீனில் மூன்று பேர் இந்த உத்தியை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார்கள். தற்செயல் என்றேன். துரைக்கண்ணு காபியை வைத்துவிட்டு வெளியே போய் நெடுநேரம் இருமினார்.

ஜூலை 15

எண் 21: "அத்தானுக்கு. பேப்பரைப் பார்த்ததுமே மடிப்பைக் கிழித்துவிட்டீர்கள் என்று தெரிந்துகொண்டேன். பரவாயில்லை. பள்ளிக்கூடம் வந்தால் சரி. வடிவு பேப்பரை வெட்டி வைத்திருக்கிறாள். ஒரு சந்தேகம். கடைசியில் மணியைப் பற்றிப் பேசினீர்களாமே, அது எந்த எண் கடிதத்தில் இருந்தது? நான் எழுதினதாக ஞாபகமில்லையே."

மடிப்பிலும் ஏதோ இருந்தது. பிளேடால் நறுக்கியிருந்ததால் தப்பியது. "சாப்பிடுங்கள்" என்று மட்டும் இருந்தது.

செப்டம்பர் 2

உத்தரவு வந்துவிட்டது. அடுத்த ஜூனில் நாலாம் பாரம் ஆரம்பம். வடிவுக்கு ஒரு வருஷம் வீணாகிறது. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லையாம். அதுவரை அம்மாவுக்கு வரும் மனுக்களைப் பிரித்து அடுக்கிக்கொடுக்கிறாளாம். எனக்கு வரும் மனுக்கள் என்று எழுத வந்தேன். உலகம்மாள் கடிதத்தில் "எனக்கு வரும்" என்றுதான் இருக்கிறது.

ஜூன் 5, ஆலங்குறிச்சி

பள்ளிக்கூடத் திறப்பு விழா. காலையிலேயே உலகம்மாளிடம் போய், "இன்னிக்கு என்ன பேசணும், கடுதாசி எங்க?" என்று கேட்டேன். சேலைக்கு மடிப்பு வைத்துக்கொண்டே, "ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு என்ன கடுதாசி? நீங்களே பேசுங்க. அன்னிக்குப் பேசலியா?" என்றாள்.

மேடையில் நான், தலைமை ஆசிரியை, ஒரு கல்வி அதிகாரி. கீழே பெண்கள் பக்கம் முன்வரிசையில் உலகம்மாளும் வடிவும். வடிவு மடியில் புதுப் புத்தகப் பை. மைக்கைப் பிடித்தேன். கையில் தாள் இல்லாதபோது பொய் வருவதில்லை என்பது சபையிலேயே தெரிந்துபோன விஷயம்.

"உங்களுக்கெல்லாம் ஒரு உண்மையைச் சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். "ஒரு வருஷமா சபையில நான் பேசுனது, கேட்டது, வாதாடுனது எல்லாம் நானா யோசிச்சது இல்ல. எல்லாம் என் வீட்டுல எழுதி அனுப்புனது. இந்தப் பள்ளிக்கூடமும் அவ கேட்டதுதான்."

சொல்லி முடித்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தேன். அதிர்ச்சி அடைவார்கள், அடுத்த தேர்தலில் தோற்றாலும் தோற்போம் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் சொன்னேன். யாரும் அதிர்ச்சி அடைந்ததாகத் தெரியவில்லை. கல்வி அதிகாரி மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து இட்லிக்கடை மாடத்தி எழுந்தாள். "ஏன்யா, இது இப்பத்தான் உங்களுக்கே தெரியுதாக்கும்? நாங்க ஓட்டுப் போட்டதே உலகம்மா அக்காவுக்குத்தான. ஓட்டுப் பெட்டியில உங்க சின்னந்தான் ஒட்டியிருந்துச்சு, அதுல போட்டோம்."

கூட்டம் சிரித்தது. சபை சிரித்ததைப்போல இல்லை, வீட்டு மனிதர்கள் சிரிப்பதைப்போல இருந்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய? ஊருக்கே தெரிந்த ஒரு ரகசியத்தை இத்தனை நாளாக நான் ஒருத்தன் மட்டும் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறேன். உலகம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு வெட்கம் வந்து நான் பார்ப்பது கல்யாணத்துக்குப் பிறகு இது இரண்டாவது தடவை.

அந்த நேரத்தில் மணி அடித்தது. வடிவு எழுந்து நின்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள்.

ஜூன் 6

பெட்டியில் இருந்த இந்த நோட்டை யாரோ எடுத்துப் படித்திருக்கிறார்கள். யார் என்று கேட்க வேண்டியதில்லை. தற்செயல் என்று நான் எழுதிய இடத்தில் எல்லாம் அந்த வார்த்தையை உலகம்மாள் சிவப்பு மையால் அடித்திருக்கிறாள். எண்ணிப் பார்த்தேன், நான்கு இடம்.

சிவப்பு மை இன்னும் ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது. போன வருஷம் ஜூலை பதினொன்றில், கடிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு வடிவைப் பற்றி நான் சபையில் சொன்னதை எழுதியிருக்கிறேன் அல்லவா, அந்த வரிகளுக்குப் பக்கத்தில். அங்கே எதையும் அடிக்கவில்லை. ஓரத்தில், பள்ளிக்கூட நோட்டில் வாத்தியாரம்மா போடுவதுபோல, ஒரு 'சரி' போட்டிருக்கிறாள்.